பக்கத்து சீட்டின் பிரேக்

மார்ச் 6

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். நான் நலம், உன் அண்ணி நலம், என் தொப்பை எங்கள் இருவரையும்விட நலம். அக்கா மட்டும் நலமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் என்றால் முதலில் "சாப்டியா", அப்புறம் சண்டை, அப்புறம் அழுகை. கடிதத்தில் என்றால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

போன மாதம் டிரைவிங் ஸ்கூலில் யாருக்கோ வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்கும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. ஈறில் ரத்தம் நிற்கவில்லை. சோதனை செய்தார்கள். ரத்தப் புற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மருந்து நோயை அடக்கும். ஆனால் திரும்பி வராமலிருக்க, எலும்புக்குள்ளிருந்து ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லைக் கூடப்பிறந்தவர் யாராவது தரவேண்டும் என்கிறார் டாக்டர். அக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒரு கோழையும் ஒரு விஞ்ஞானியும்தான். கோழை சோதனைக்குக் கொடுத்துவிட்டான். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். நீயும் அங்கே உன் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுப்பு.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். போர்வைக்குள் அக்காவின் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது. கற்றுக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து சீட்டுக்குக் கீழே அவளுக்கென்று தனி பிரேக் உண்டே, அதை ஆயுசெல்லாம் மிதித்துப் பழகிய கால். எதிரில் இருப்பவர் பேச்சு பிடிக்காவிட்டால் தானாகவே மிதிக்கும். என் கல்யாணப் பேச்சின்போது சோபாவே குலுங்கியது உனக்கு நினைவிருக்கும்.

இப்போது என் சந்தேகம். ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவது போலத்தான் ஏற்றுவார்களாம். ரத்தத்தில் விட்டால் அது எலும்புக்குள் எப்படிப் போய்ச் சேரும்? முகவரியை யார் சொல்வது? டாக்டரைக் கேட்டேன். "அதுவா போயிடும் சார்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. என் தங்கை செல் ஒட்டுவதை ஆராய்கிறாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிறேனே தவிர, அது என்னவென்று உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டிக்கர் அச்சடிக்கிறவனுக்கே ஒட்டுவதைப் பற்றிச் சொல்லித்தருவதா என்ற திமிர்தான். கேட்கிறேன், சொல்லு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பஞ்சுக் குச்சிக்கே பயந்த
அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் கடிதத்தைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே படித்தேன். மறுநாள் காலையில் கன்னத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் நாற்காலியைப் பிடிக்கவில்லை.

உன் கேள்வி நல்ல கேள்வி. டாக்டர் சொன்னதும் பொய்யில்லை, அதுவாகத்தான் போகிறது. எப்படி என்பதுதான் வேடிக்கை. ரத்தத்தில் விட்ட செல் உடம்பெல்லாம் சுற்றும். எலும்பு மஜ்ஜைக்குள் போகும் குழாய்களின் சுவரில் செலக்டின் என்ற ஒட்டுப் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அது ஓடுகிற செல்லை லேசாகப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும், விடும். செல் சுவரோரமாக உருண்டபடியே வேகம் குறையும். செல்லின் மேல் இன்டெக்ரின் என்று இன்னொரு புரதம் இருக்கிறது. சரியான இடம் வந்ததும் அது சுவரை இறுக்கிப் பிடிக்கும், செல் நின்றுவிடும். பிறகு சுவரின் இடுக்கில் உடம்பை நெளித்து உள்ளே நுழைந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மைக்ராஸ்கோப்பில் அது உருள்வதைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டே மெதுவாக ஓட்டுகிறவர்களின் ஞாபகம் வரும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன்
வால்


ஏப்ரல் 12

என் முழுப் பொருத்தமே,

ஆமாம், உன்னைத்தான். முடிவு வந்துவிட்டது. நீ அக்காவுக்கு முழுப் பொருத்தம்! நான் பாதி. படிப்பு, கணக்கு, தலைமுடி எல்லாவற்றிலும் பாதியாக நின்றவன் இதிலும் கொள்கை மாறவில்லை. "முழுசா யாரும் இல்லேன்னா பாதி இருந்தாலும் இப்பல்லாம் பண்றோம் சார்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "முழுசு இருக்கும்போது பாதியை ஏன் சார் தொந்தரவு பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். உன் அண்ணி என்னைப் பார்த்த பார்வையை ஸ்டிக்கராக அச்சடித்தால் தெருநாய்கூட வீட்டுக்குள் வராது.

எல்லோரும் சுகமா? எப்போது கிளம்பி வருகிறாய் என்று மட்டும் எழுது.

நீ உருள்வதைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. என் அச்சகத்தில் இரண்டு பசை. ஒன்று உரித்தால் சுத்தமாக வந்துவிடும். இன்னொன்று உயிரே போனாலும் வராது. உன் செலக்டின் முதல் வகை, இன்டெக்ரின் இரண்டாவது. சரிதானே? அப்படியென்றால் அடுத்த சந்தேகம். புற்று செல்லும் அங்கே மஜ்ஜையில்தானே பிறக்கிறது? அதுவும் இதே பசையால் ஒட்டிக்கொண்டிருந்தால்? பசையைக் கரைத்து அந்தக் கழுதைகளை வெளியே தள்ள முடியாதா?

இதை அச்சக ஆட்களிடம் விளக்கினேன். ஃபோர்மேன், "ஓனர், தங்கச்சிக்கு நோபல் குடுத்தா உங்களுக்குப் பாதி குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

பாதியாகவே வாழ்ந்து பழகிய
அண்ணன்


மே 3

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். அக்காவுக்கு மருந்து எப்படிப் பிடிக்கிறது? வாய்ப்புண் வந்ததா? சாப்பிட முடிகிறதா? இதையெல்லாம் நீ எழுதவே இல்லை.

நீ கேட்டதை எங்கள் லேப் கூட்டத்தில் சொன்னேன். ஸ்டிக்கர்காரர் கேட்டார் என்று சொல்லவில்லை. எங்கள் துறையில் பலர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அதுதான். நோயுற்ற செல்களும் அதே இன்டெக்ரினால் அதே சுவரைப் பற்றிக்கொள்கின்றன. பற்றியிருக்கும் வரை சுவர் அவற்றுக்குத் தெம்பு கொடுக்கிறது. மருந்து வெள்ளம் வரும்போது சில, தூங்குகிற மாதிரி பதுங்கிக் கிடந்து பிழைத்துவிடுகின்றன. நோய் திரும்பி வருவதற்கு அது ஒரு காரணம். பிடியைத் தளர்த்தி வெளியே இழுத்து மருந்தின் எதிரில் நிறுத்தலாம் என்று முயல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் நல்ல செல்லும் அதே பிடியில்தான் வாழ்கிறது. கெட்டது எதை மட்டும் அதிகமாகப் பிடிக்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு.

இன்னொன்று. செல் தருகிறவருக்கு முன்கூட்டியே ஊசி போடுவார்கள். அவருடைய நல்ல செல்களின் பிடியைக் கொஞ்ச நாளைக்குத் தளர்த்தி, மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைப்பதற்குத்தான் அது. நோயில் எங்களை ஓட ஓட விரட்டும் அதே பிடிதான், நல்ல செல்லில் தளரும்போது அங்கே உதவிக்கு வருகிறது.

நான் இப்போது ரசாயன மேசையை ஜூனியரிடம் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து படங்களை மட்டும் பார்க்கிறேன். கீழ்மாடியில் எலிக் கூண்டுகள் இருக்கும் பக்கம் போகவே முடியவில்லை, அப்படி ஒரு வாடை. இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது என்று ஆச்சரியம். காபியை விட்டாயிற்று. உன் மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம், என் பங்கையும் அவரே குடிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வால்


மே 17

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன், அண்ணி இருவரும் சுகம். அக்காவுக்கு வாய்ப்புண் வந்து போய்விட்டது. முடியும் போய்விட்டது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை. "ஹெல்மெட்டுக்கு வசதி" என்றாள். மருந்து வேலை செய்திருக்கிறது. நோய் அடங்கியிருக்கிறதாம். ஆனால் அடங்கியிருக்கும்போதே செல் ஏற்றிவிட வேண்டும், ஜூலையைத் தாண்ட விடக்கூடாது என்கிறார் டாக்டர். செல் தருகிறவருக்குச் செய்யும் உடம்புச் சோதனைக்கு உன்னிடம் நாள் கேட்டு மூன்று முறை ஆளனுப்பிவிட்டார். வந்துவிடுவாள் என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதுங்கிக் கிடந்து பிழைக்கும் செல்களைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் அச்சகத்திலும் அப்படி ஓர் ஆள் உண்டு, வேலை வரும்போது காகிதக் கட்டுக்குப் பின்னால் போய்விடுவான். நான்தான் அது. உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. வரும் தேதி மட்டும் இல்லை.

அக்கா அறைக் கதவில் ஒட்ட, "கை கழுவாதவர் உள்ளே வராதீர்" என்று அழகாக அச்சடித்துக் கொண்டுபோய் ஒட்டினேன். அவசரத்தில் இரண்டாவது பசையை எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் பிளேடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். "வராதீர்" மட்டும் இன்னும் போகவில்லை.

அக்காவிடம் "வால் வரா, கவலைப்படாதே" என்றேன்.

"அவ வரமாட்டாடா."

"ஏன் வரமாட்டா? முழுப் பொருத்தம் அவதான்."

"வரமாட்டான்னா வரமாட்டா. விடு."

போர்வைக்குள் கால் மிதித்தது. உங்கள் இருவருக்கும் நடுவே என்னதான் நடந்தது? இரண்டு வருடமாகக் கேட்கிறேன். இரண்டு பேரும் என்னிடம் பருவநிலையைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

தேதி. தேதி. தேதி.

அண்ணன்


ஜூன் 6

வாலுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பாய். காபியை விட்டு, கஷ்டமான வேலையை ஜூனியர் தலையில் கட்டிவிட்டு, உட்கார்ந்து படம் பார்க்கிறவளுக்கு என்ன குறை?

செல்லைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அக்காவைப் பற்றிக் கேட்டால் வாயில் என் இரண்டாவது பசை. உனக்கு அவள் மேல் என்ன கோபமோ, இருந்துவிட்டுப் போகட்டும். அவள் போனபிறகு யாரிடம் கோபித்துக்கொள்வாய்? எலியிடமா?

அண்ணன்

*பி.கு.: அண்ணி எழுதுகிறேன். மேலே இருப்பதைப் படித்திருந்தால் மறந்துவிடு. இவர் எழுதி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். உறையை ஒட்டுவது நான்தான். உன் மே மாதக் கடிதத்தை இன்றைக்குத்தான் என் கண்ணில் காட்டினார். காபி பிடிக்கவில்லை, வாடை தாங்கவில்லை, ரசாயனத்தைத் தொடுவதில்லை. இத்தனையும் படித்துவிட்டு இவருக்குக் கோபம் வருகிறது! எத்தனையாவது மாதம் என்று மட்டும் எழுது, கண்ணு. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பாவம், குளிக்கட்டும்.*


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு முடியப் போகிறது. உங்கள் எழுத்தைப் பார்த்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளை பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து, தானே குடித்துவிட்டார்.

பொருத்தம் என்று தெரிந்த அதே வாரம்தான் இதுவும் தெரிந்தது. கருவுற்றிருப்பவளிடம் செல் எடுக்க மாட்டார்கள், அந்த ஊசியும் போட மாட்டார்கள். அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்பதை உங்களிடம்தான் சொல்ல முடியும், அண்ணி. இதற்கு முன் மூன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இதுவும் தாண்டாது, தாண்டாவிட்டால் அக்காவுக்குச் செல் கொடுக்கப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் கண் விழித்ததும் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டே லேபுக்குப் போய், சுவரில் ஒட்டுகிற செல்களை எண்ணுவேன். கருவும் முதலில் அப்படித்தான் வருகிறதாம், கருப்பைச் சுவரில் அதே செலக்டின்தான் லேசாகப் பிடித்துப் பார்க்கிறது என்கிறார்கள். என் பிழைப்பே என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. மூன்று மாதம் தாண்டிவிட்டது. சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் நடந்தது இவ்வளவுதான். மூன்றாவது கருவும் கலைந்தபோது போனில் சொன்னாள்: "அந்த லேபை விட்டிருந்தா தங்கியிருக்கும்." நான் போனை வைத்துவிட்டேன். அவளும் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது லேபையும் விடவில்லை, அவளுக்கு வரவும் முடியவில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள். அக்காவிடம் சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பாதி போதும் என்று டாக்டர் சொன்னாராமே. அண்ணனிடம் அதை நான் கேட்க மாட்டேன்.

உங்கள்
வால்


ஜூலை 24

என் அருமை வாலுக்கு,

முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. எலிக்கூண்டுப் பக்கமே போகாதே. காபியைக் குடிக்காதே. மாப்பிள்ளையைத் தண்ணீர் கொண்டுவந்தால் குடிக்காமல் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை அண்ணி நீட்டினாள். படித்தேன். அப்புறம் என் ஜூன் மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. அண்ணி சுவரில் இருக்கும் ஆணியைக் காட்டி, "வேணும்னா அதுல தொங்கிக்கோங்க" என்றாள். தொங்கினால் ஆணிதான் போகும் என்பதால் நேரே டாக்டரிடம் போனேன். "பாதி வந்திருக்கு சார்" என்றேன்.

ஊசியை வயிற்றில் போட்டார்கள். "நெறைய இடம் இருக்கு சார்" என்று நர்ஸ் சந்தோஷப்பட்டாள். பிடி தளர்கிறது என்று நீ நாசூக்காக எழுதியிருந்தாய். இடுப்பும் மார்பெலும்பும் வலித்த வலியில் என் உடம்புக்குள் எலும்பு இருக்கிறதென்றே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் விசித்திரம் கேள், பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. இப்போது எத்தனை கழன்றிருக்கும், எதைத் தேடி எங்கே அலைகின்றன என்று யோசித்தபடியே கிடந்தேன். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் போய், மெஷினில் சுற்றி, இன்னொரு கையில் திரும்பி வந்தது. பை நிறைந்ததும் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான சரக்கு, நீர்த்த தக்காளிச் சாறு நிறத்தில் இருந்தது. பார்த்துவிட்டு முறைப்படி மயங்கினேன்.

அன்றைக்கே அக்காவுக்கு ஏற்றிவிட்டார்கள். இனி அவை உருண்டு, நின்று, உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டதா என்று தெரிய மூன்று வாரமாவது ஆகும். அதுவரை அக்காவுக்குத் தன் ரத்தம் என்று ஒன்று கிடையாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்கிறோம்.

ஏற்றுவதற்கு முந்தின வாரம் அக்காவிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். கால் மிதிக்கும் என்று போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதிக்கவில்லை. "அவ எழுதின கடுதாசியெல்லாம் கொண்டா" என்றாள். எல்லாவற்றையும் கொடுத்தேன், அண்ணிக்கு எழுதியதையும். மறுநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், அந்த செல்லு உருண்டுக்கிட்டே வருதுன்னு எழுதியிருக்காளே. நிக்க வேண்டிய எடம் வந்ததும் பிரேக் போடறது யாரு? செவுரா, செல்லா? அதைத் தெளிவா எழுதலை. கேட்டு எழுதச் சொல்லு. உனக்கு இல்ல, எனக்கு."

எழுது.

கழன்றவன்,
அண்ணன்


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது உனக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு ஆறாவது மாதம். குழந்தை உதைக்கிறது. வலது காலால் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். சுவர் சும்மா இருப்பதில்லை. "இதுதான் இடம்" என்று ஒரு சைகை கொடுக்கும். சைகை அவ்வளவுதான். பிரேக் செல்லிடம் இருக்கிறது. சைகை பட்டதும் செல் தன் இன்டெக்ரின்களைத் தானே நிமிர்த்தி, தானே பிடித்து, தானே நிற்கிறது. வெளியிலிருந்து யாரும் அதற்காக மிதிக்க முடியாது. மிதித்தாலும் நிற்காது. மிதிக்காவிட்டாலும், நிற்கிறது நின்றுவிடும். நிற்காதது ஏன் நிற்கவில்லை என்று எங்களுக்கும் பல நேரம் தெரிவதில்லை, அக்கா. தேடிக்கொண்டிருக்கிறோம்.

புரியாவிட்டால் மறுபடி கேள்.

உன்
வால்


செப்டம்பர் 15

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். உன் அண்ணி எழுதித்தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

உட்கார்ந்துவிட்டன. வெள்ளை அணுக்கள் ஏறுகின்றன. இப்போது என் ரத்தத்தைப் பரிசோதித்தால் ஆண் என்று வருகிறது, எல்லாம் உன் அண்ணனுடையது. "லைசென்ஸ்ல மாத்தணுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை, வெளியே போய் அழுதுவிட்டு வந்து தும்மல் என்றான். ரத்த வகையும் மெல்ல மாறி அவனுடையதாகிவிடுமாம். போன வாரம் ஒரு நர்ஸைப் பார்த்து மட்டமான ஜோக் ஒன்று அடித்தேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். பிரேக் அதனிடமேதான் இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறவளுக்கு அங்கே வேலை இல்லை. புரிந்துவிட்டது, மறுபடி கேட்க வேண்டியதில்லை.

ஒரு வருடம் வரை எங்கும் பயணம் போகக்கூடாது என்கிறார் டாக்டர். ஆகட்டும். அதற்குள் உன் பிள்ளை தவழ்ந்து கதவு வரை வந்திருக்கும். நான் வருகிற அன்றைக்கு நீ லீவு போடாதே. கதவைத் திறக்க மாப்பிள்ளை போதும். நீ லேபுக்குப் போ. சாயங்காலம் வந்து அன்றைக்கு எத்தனை நின்றன, எத்தனை நிற்கவில்லை என்று சொல். நானும் பிள்ளையும் கேட்கிறோம்.

உன்
அக்கா